7 நாள், 2,000 கிலோமீட்டர்: புது இன்ஜினைப் பழக்கும் பயணம்

கிளம்புவதற்கு முந்தைய மாலை. ஓடோமீட்டர்: 21

வண்டி 3 லிட்டர், நேர்வரிசை 6 சிலிண்டர், இரட்டை டர்போ. 6 ஸ்பீடு மேனுவல் கியர், பின்சக்கர இழுவை, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை). ரெட்லைன், அதாவது இன்ஜின் சுழல்வதற்கான உச்ச எல்லை, 7,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). கையேட்டில் இருப்பது இதுதான்: முதல் 2,000 கி.மீ. வரை 5,500 ஆர்பிஎம்மைத் தாண்டாதே, மணிக்கு 170 கி.மீ.க்கு மேல் போகாதே, முழு மிதியும் (ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்துவது) ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டமும் வேண்டாம். 2,000-ல் இன்ஜின் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும் மாற்ற வேண்டும்.

இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு 2,000 கி.மீ., 5,500 ஆர்பிஎம். போர்ஷே 3,000 கி.மீ. வரை 4,000 ஆர்பிஎம்மை ஒட்டியே ஓட்டச் சொல்கிறது. சுபாருவுக்கு 1,600 கி.மீ., 4,000 ஆர்பிஎம். ஹோண்டா 1,000 கி.மீ. என்கிறது; கூடவே, குறித்த நேரம் வருமுன் ஆயிலை மாற்றாதீர்கள் என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஒரு வண்டியின் எண்ணை இன்னொரு வண்டிக்குப் பொருத்தக் கூடாது. சிலிண்டர் சுவரின் பூச்சு, ரிங்கின் (பிஸ்டனைச் சுற்றி அமர்ந்து சுவரை உரசும் உலோக வளையம்) பொருள், தொழிற்சாலையில் நிரப்பிய ஆயில் மூன்றும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன.

பாதையையும் இன்ஜினை மனதில் வைத்தே வகுத்தோம். முதல் நாள் ஊர்களும் வளைவுகளும் உள்ள இருவழிச் சமவெளிச் சாலை. பிறகு மலை ஏற்றம், மேட்டுநிலம், நீண்ட இறக்கம். நெடுஞ்சாலை கடைசிப் பக்கம்தான். பலரும் புது வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக நெடுஞ்சாலையில் ஏறி, குரூஸ் கன்ட்ரோலைப் போட்டு 500 கி.மீ. ஓட்டிவிட்டு "இன்ஜின் செட் ஆகிவிட்டது" என்பார்கள். புது இன்ஜினுக்கு அதைவிடப் பயனில்லாத 500 கிலோமீட்டர் கிடையாது. ஏன் என்பது மலையில் தெரியும்.

இன்று மாலை பார்த்தவை: டயர் காற்று (கப்பலிலும் லாரியிலும் வரும் வண்டிகளில் அதிகக் காற்று அடைத்திருப்பார்கள், டெலிவரியில் குறைக்க மறந்துவிடுவதும் உண்டு; நான்கிலும் 8 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தது), ஆயில் அளவு, கூலன்ட், பிரேக் ஆயில், அடிப்பாகத்தில் கசிவு. ஸ்பிரிங்குகளுக்கு இடையில் போக்குவரத்துக்காகச் செருகும் கட்டைகளை எடுத்துவிட்டார்களா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை இந்தப் பயணம் முடியும்வரை ஒவ்வொரு முறையும் அணைத்துவிடுவது என்று முடிவு.

நாள் 1. 21-லிருந்து 296 கி.மீ. வரை

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நிறுத்தி வைத்து இன்ஜினைச் சூடாக்கவில்லை. 20, 30 விநாடி, ஐடிலிங் சீராக இறங்கும்வரை மட்டும். உடனே கிளம்பிவிட வேண்டும். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்குச் சுமை கிடையாது, சூடும் மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரம் முழுக்கக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, ஆயில் தொட்டிக்குள் இறங்கும்.

கூலன்ட் 6 கிலோமீட்டரில் 90 டிகிரியைத் தொட்டது. ஆயில் அப்போது 52 டிகிரிதான். ஆயில் 80-ஐத் தொட 15 கிலோமீட்டர் ஆனது. கூலன்ட் முள்ளை மட்டும் பார்த்து மிதிப்பவர்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் ஏறக்குறைய 65 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் 11. அதாவது ஆறு மடங்கு தடிமனான ஆயிலை பம்ப் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆர்பிஎம்மை ஏற்றினால் ஃபில்டரின் இருபுறமும் அழுத்த வித்தியாசம் கூடி, அதற்குள் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். ஆயில் வடிகட்டப்படாமலேயே பேரிங்குகளுக்குப் போகும். பழைய இன்ஜினில் இதனால் பெரிய சேதமில்லை. உலோகத்துகள் அதிகமாக மிதக்கும் முதல் ஆயிலில், அந்தத் துகள் நேராகப் பேரிங்கின் மென்மையான மேற்பூச்சில் போய்ப் பதியும். அதனால் எங்கள் கணக்கு: ஆயில் 60 வரை 2,500 ஆர்பிஎம், 80 வரை 3,000. அதற்கு மேல்தான் அன்றைய நாளின் வரம்பு.

இன்றைய வரம்பு 3,500 ஆர்பிஎம், பாதி மிதி. 2-லிருந்து 5 வரை எல்லா கியரும் மாறி மாறிப் பயன்பட்டன. எந்த வேகத்திலும் 2 நிமிடத்துக்கு மேல் நிலைத்திருக்கவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் இதற்கு மேனுவல் மோடு கட்டாயம். "டி"-யில் விட்டால் அது 1,300 ஆர்பிஎம்மில் மேல் கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்போர்ட் மோடு இதற்கு நேர் எதிர், லேசாகத் தொட்டாலே இரண்டு கியர் இறக்கி 5,000-க்கு ஏற்றிவிடும். இரண்டும் இப்போது வேண்டாம்.

ஆர்பிஎம் குறைவாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்து 6-வது கியரில் 1,400-ல் மிதியை அழுத்துவது டர்போ இன்ஜினில் நாம் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) வரும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நிலை நேரடிப் பீய்ச்சல் டர்போ இன்ஜின்களில் உண்டு. அந்த ஒரு அடியில் பிஸ்டனின் ரிங் இடைச்சுவர் உடைந்த இன்ஜின்கள் இருக்கின்றன. 2018-ல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று புது ஆயில் தரங்கள் வந்ததற்கு இந்தப் பிரச்சினையும் ஒரு முக்கியக் காரணம். 2,000-க்குக் கீழே இழுவை தேவைப்பட்டால் கியரை இறக்குங்கள்.

முதல் 30 கி.மீ. முடிந்ததும் ஒருமுறை, பிறகு மதியம் ஒருமுறை நிறுத்தி, இன்ஜின் முழுதாக ஆறும்வரை விட்டோம். சூடாகி ஆறும்போது கேஸ்கெட்டுகளும் ஹோஸ் கிளாம்ப்புகளும் தத்தம் இடத்தில் அமர்கின்றன. முதல் கசிவு எதுவானாலும் இந்த நேரத்தில்தான் வெளியே தெரியும். எதுவும் இல்லை.

டயர்களைப் பற்றி இன்றே சொல்லிவிடுகிறேன். அச்சிலிருந்து எடுக்கத் தடவும் பொருள் ரப்பரின் மேல் இன்னும் படிந்திருக்கும். 300 கி.மீ. வரை பிடிமானம் குறைவு, ஈரச் சாலையில் இன்னும் குறைவு. நாளைய மலை வளைவுகளுக்கு இந்த 275 கி.மீ. அதற்காகவும்தான்.

நாள் 2. 296-லிருந்து 498 கி.மீ. வரை

ஏற்றம். இந்தப் பயணத்தின் முக்கியமான நாள்.

சிலிண்டர் சுவரைப் போரோஸ்கோப் (மெல்லிய குழல் கேமரா) விட்டுப் பார்த்தால் வழவழப்பாக இருக்காது. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த மெல்லிய கீறல்கள் வலை பின்னியதுபோல் தெரியும். சுவரைத் தீட்டும் ஹோனிங் கல் விட்டுச்சென்ற கோடுகள் அவை. ஆழம் சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். அந்தப் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடுகளும் ரிங்கின் முகமும் ஒன்றையொன்று தேய்த்து, ஒன்றுக்கொன்று பொருந்துவதுதான் ரன்னிங்-இன். இப்போதைய இன்ஜின்களில் அந்த மேடுகளின் கூர்முனையைத் தொழிற்சாலையிலேயே சீவிவிடுகிறார்கள், அதற்குப் பிளேட்டோ ஹோனிங் என்று பெயர். ஆகவே வேலை முன்புபோல அதிகமில்லை, ஆனால் மிச்சம் இருக்கிறது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? ரிங்குக்குச் சொந்தமான ஸ்பிரிங் விசையும் உண்டு, ஆனால் அது மிகச் சிறியது, சில பார் (அழுத்தத்தின் அலகு) அளவுகூட வராது. உண்மையான விசை எரியும் வாயுவிடமிருந்து வருகிறது. வாயு பிஸ்டனின் ஓரமாக இறங்கி, ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுப்பக்கம் போய் அதை வெளியே தள்ளுகிறது. நன்றாக மிதித்தால் டர்போ இன்ஜினில் உச்ச அழுத்தம் 100 பாரையும் தாண்டும். சமதளத்தில் லேசான மிதியோடு போகும்போது அதில் சிறு பங்குதான். பாருங்கள், ரிங் உட்காருவது ஆர்பிஎம்மால் அல்ல, சுமையால். நெடுஞ்சாலையில் குரூஸ் கன்ட்ரோலோடு போகும் இன்ஜினில் ரிங் சுவரை லேசாக வருடிக்கொண்டே போகிறது. பள்ளங்களில் ஆயில் வெந்து, மெருகேறிய பூச்சாகப் படிகிறது. கிளேசிங் என்று சொல்வது இதைத்தான். ஒருமுறை அப்படிப் படிந்துவிட்டால் பின்னால் எவ்வளவு மிதித்தாலும் ரிங் சரியாக உட்காராது, ஆயில் குடிக்கும் இன்ஜினாகவே அது காலம் தள்ளும். சரிசெய்ய வேண்டுமானால் இன்ஜினைப் பிரித்து மீண்டும் ஹோனிங் போட வேண்டும்.

மலை இதற்கு நேர் மருந்து. ஏற்றத்தில் 3-வது கியர், 2,500 ஆர்பிஎம். மிதியை மூன்று விநாடியில் சீராக 60, 70 சதவீதத்துக்குக் கொண்டுபோய், 4,000 வரை இழுக்க விட்டு, மிதியிலிருந்து காலை முழுதாக எடுத்து, கியரிலேயே 2,500-க்கு இறங்க விட வேண்டும். 20, 30 விநாடி சாதாரணமாக ஓட்டிவிட்டு மீண்டும் அதே. இன்று காலை இப்படி 25 முறை, மதியத்துக்குப் பிறகு 4-வது கியரில் 15 முறை. வளைவுக்கு வளைவு ஏறும் சாலையில் இதைத் தனியாகச் செய்யவேண்டிய அவசியமே இல்லை; சாலையே செய்துகொடுக்கிறது. பின்னால் வண்டி இருந்தால் செய்யாதீர்கள், காலை எடுக்கும்போது பிரேக் லைட் எரியாது, பின்னால் வருபவருக்கு நீங்கள் வேகம் குறைவது தெரியாது.

காலை எடுப்பது ஏன் மிதிப்பதற்குச் சமமான முக்கியம்? மிதியை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்ள, இன்டேக்கில் வெற்றிடம் உருவாகிறது. அது ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் ஆயிலை மேலே இழுக்கிறது. அந்த ஆயில் தேய்ந்த இடத்தைக் குளிர்வித்து, உதிர்ந்த துகளைக் கழுவிக் கீழே கொண்டுபோய், ஃபில்டரிடம் சேர்க்கிறது. டிஃபரன்ஷியல் பற்களுக்கும் இதே நியாயம். இழுக்கும்போது பல்லின் ஒரு முகம், இன்ஜின் பிரேக்கிங்கில் மறு முகம். இரண்டும் பழக வேண்டும்.

முதல் 30 கிலோமீட்டரிலேயே முழு மிதி போட்டு ரெட்லைன் வரை இழுத்தால்தான் ரிங் உட்காரும் என்று ஒரு சாரார் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி: ரிங்குக்குச் சுமை வேண்டும். மீதிப் பாதி தவறு. சுமை என்றால் முழு மிதி என்று அர்த்தமில்லை. புது மேடுகள் உரசும் இடத்தில் கணநேரச் சூடு அளவு மீறினால் உலோகம் தேயாது, ஒட்டிக் கிழியும். அந்தக் கீறல் ஆயுளுக்கும் நிற்கும். மேலும், சூடு தாங்க வேண்டியது இன்ஜின் மட்டுமல்ல, பின்னால் டிஃபரன்ஷியலும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசி நாள்.

ஏற்றம் முடிந்த இடத்தில் உடனே இன்ஜினை அணைக்கவில்லை. கடைசி 2 கிலோமீட்டரைப் பூஸ்ட் இல்லாமல் மெதுவாக ஓட்டி, நின்றபின் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தோம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது, அதன் ஒரு பக்கம் செக்கச் சிவந்த சூட்டில் இருப்பது. ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் பேரிங்கில் தங்கிய ஆயில் கரியாகும்.

மாலையில் டிப்ஸ்டிக் (ஆயில் அளக்கும் குச்சி). வண்டி சமதளத்தில், அணைத்து 10 நிமிடம் கழித்து. நேற்றைய அளவிலிருந்து 2 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது.

நாள் 3. 498-லிருந்து 842 கி.மீ. வரை

மேட்டுநிலத்தில் காலை 6 டிகிரி. ஆயில் 80-ஐத் தொட இன்று 22 கிலோமீட்டர். சமவெளியில் 15 ஆனது. குளிர்ப் பகுதியில் 8, 10 கி.மீ. மட்டுமே தினம் ஓட்டுபவர்களின் இன்ஜின் ஒருநாளும் சூடாவதே இல்லை என்பதற்கு இது கண்கூடான சான்று. பெட்ரோலும் நீராவியும் ஆயிலிலேயே தங்கிவிடும். ரன்னிங்-இன் காலத்தில் ஒவ்வொரு ஓட்டமும் குறைந்தது 40 நிமிடம் இருக்கும்படி அமைத்துக்கொள்ள முடிந்தால் மிக நல்லது.

சில வண்டிகளில் டாக்கோமீட்டரிலேயே இந்த எச்சரிக்கை உண்டு: ஆயில் குளிர்ந்திருக்கும்போது ரெட்லைன் கீழே இறங்கி நிற்கும், சூடேற ஏற மேலே நகரும். அது பொறுத்துக்கொள்ளும் எல்லை மட்டுமே. புது இன்ஜினுக்கு அதைவிடவும் கீழேயே இருங்கள்.

இன்று வரம்பு 4,000, முக்கால் மிதி. ஏற்ற இறக்கமான சாலையாதலால் நேற்றைய வேலையே தொடர்ந்தது, சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. கிளட்ச் மட்டும் மாறியிருக்கிறது. முதல் நாள் பிடிக்கும் இடத்தில் லேசாக அதிர்ந்தது; 500 கி.மீ. தாண்டியதும் அந்த அதிர்வு போய்விட்டது. தட்டும் ஃபிளைவீலும் முழுப் பரப்பில் தொட ஆரம்பித்திருக்கின்றன. ஏற்றத்தில் கிளட்சை வைத்து வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இந்த 500 கி.மீ.க்காவது விட்டுவிட வேண்டும்.

ஆயில் அளவு நேற்றையதிலிருந்து அசையவில்லை.

நாள் 4. 842-லிருந்து 1,130 கி.மீ. வரை

இறக்கம். 38 கி.மீ. தொடர்ச்சியாக.

3-வது கியரில் மிதியை விட்டு, இன்ஜின் பிரேக்கிங்கிலேயே இறங்கினால் 3,500, 4,000-ல் ஓடுகிறது. எரிபொருள் முழுதாக வெட்டுப்பட்டிருப்பதால் இதில் சுமையோ சூடோ கிடையாது, ஆர்பிஎம்மைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 10 நிமிடம் தொடர்ந்து இப்படியே போகவும் கூடாது. ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே வந்துகொண்டே இருக்கும். 2, 3 நிமிடத்துக்கு ஒருமுறை சற்று மிதித்து எரியவிட்டுப் பிறகு தொடரலாம். நீண்ட இறக்கத்துக்குப் பின் முதல் மிதியில் ஒரு கணம் நீலப் புகை எட்டிப் பார்த்தால் புது இன்ஜினில் அது கவலைக்குரியதல்ல. 2,000 கிலோமீட்டருக்குப் பிறகும் அது தொடர்ந்தால் ரிங் உட்காரவில்லை என்று பொருள்.

அடிவாரத்தில் ஆளில்லாத நேர்ச்சாலை கிடைத்தது. பிரேக் பழக்க அந்த இடத்தைப் பயன்படுத்தினோம். முதல் 300 கி.மீ. வரை பிரேக்கை மென்மையாக மட்டுமே தொட்டிருந்தோம். இன்று: மணிக்கு 80-லிருந்து 30-க்கு நடுத்தர அழுத்தத்தில் 10 முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏறக்குறைய அரை நிமிடம் ஓட்டம். பிறகு 110-லிருந்து 30-க்கு, கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் 6 முறை. எப்போதும் முழுதாக நிறுத்தக் கூடாது. இதன் நோக்கம் பேடைத் தேய்ப்பது அல்ல. பேடின் பொருளை டிஸ்க்கின் முகம் முழுக்க மெல்லிய, சீரான படலமாக மாற்றுவது. சூடான டிஸ்க்கோடு நின்று பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் பேடின் வடிவம் அந்த ஓரிடத்தில் அச்சாகப் பதியும். பிற்பாடு பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கில் அதிர்வு வரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று மாற்றிவிடுவார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது, படலம்தான் சீரற்று இருக்கும். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் 10 நிமிடம் ஓட்டி ஆறவிட்டோம். டிஸ்க் முகம் இப்போது வெள்ளிப் பளபளப்பு மறைந்து, சாம்பலும் நீலமும் கலந்த ஒரே நிறத்தில் இருக்கிறது. கார்பன்-செராமிக் டிஸ்க்குகளுக்கு முறை வேறு, கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள்.

மாலை வரம்பு 4,500.

நாள் 5. 1,130-லிருந்து 1,655 கி.மீ. வரை

நெடுஞ்சாலை. 525 கி.மீ.

வேகத்தை 90-க்கும் 120-க்கும் நடுவில் ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தோம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை கியர் மாற்றம். ஒவ்வொரு மேம்பாலமும் ஒரு சிறு மலை என்று வைத்துக்கொள்ளலாம்: 4-வது கியரில் ஏறி, காலை எடுத்து இறங்குவது. சோர்வான ஓட்டம்தான். குரூஸ் கன்ட்ரோல் பட்டனைத் தொடவில்லை.

ஆயில் 104 டிகிரியில் நிலைத்து நிற்கிறது. இரண்டாம் நாள் ஏற்றத்தில் 112 வரை போனது.

நாள் 6. 1,655-லிருந்து 2,012 கி.மீ. வரை

கிளம்புமுன் டிப்ஸ்டிக்கில் முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டோம். 'மின்' (குறைந்தபட்சம்) குறிக்கும் 'மேக்ஸ்' (அதிகபட்சம்) குறிக்கும் நடுவே பெரும்பாலான இன்ஜின்களில் 1 லிட்டர். இங்கே 1,655 கி.மீ.ல் ஏறக்குறைய கால் பங்கு இறங்கியிருக்கிறது, அதாவது கால் லிட்டர். அதிலும் பெரும்பகுதி முதல் 500 கிலோமீட்டரில். இறங்கும் வேகம் இப்படிக் குறைந்துகொண்டே வருவதுதான் ரிங் உட்காருவதன் நம்பகமான அடையாளம். மொத்த அளவைவிட இந்தப் போக்கைக் கவனியுங்கள். ஆயில் குறைந்ததும் பதறி மேக்ஸுக்கு மேலே ஊற்றிவிடக் கூடாது. கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கினால் பேரிங்குக்குப் போவது காற்றும் ஆயிலும் கலந்த நுரைதான். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் திரையில் அளக்கும்போது இன்ஜின் முழுச் சூட்டில், சமதளத்தில் இருக்க வேண்டும். டிரை சம்ப் வண்டிகளில் (ஆயில் இன்ஜினுக்கு அடியில் இல்லாமல் தனித் தொட்டியில் இருப்பவை) அளக்கும் முறையே வேறு. பலவற்றில் இன்ஜின் ஓடும்போதே அளக்க வேண்டும்.

இன்று கையேட்டின் எல்லையான 5,500 வரை, 2-வது, 3-வது கியர்களில், முக்கால் மிதியோடு 8 முறை. இழுவை முதல் நாளைவிடத் தளர்வாக, தடையின்றி ஏறுகிறது. இதில் ஒரு பகுதி உராய்வு குறைந்ததால்; இன்னொரு பகுதி இன்ஜின் கம்ப்யூட்டர் தன் எரிபொருள் திருத்தங்களைக் கற்றுக்கொண்டதால்.

2,000 வந்தது மதியம் 3 மணிக்கு. ஆயில் சூடாக இருக்கும்போதே மாற்றினால் துகள் அடியில் தங்காமல் வெளியேறும், ஆனால் 100 டிகிரி ஆயிலில் கை வைக்க முடியாது. காலையில் 15 நிமிடம் ஓட்டிவிட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

நாள் 7. 2,012 கி.மீ. ஆயில் மாற்றம்

தேவைப்பட்டவை: கையேட்டில் எழுதிய தர எண் கொண்ட ஆயில் 7 லிட்டர், ஃபில்டர், அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், டார்க் ரெஞ்ச், டிஃபரன்ஷியலுக்கான கியர் ஆயில், அதன் ஊசிக் குழல் பம்ப்.

முதல் ஃபில் சின்தெடிக் ஆயிலாக இருந்தால் ரிங் உட்காராது என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கார்வெட் 1992 முதல் தொழிற்சாலையிலிருந்தே முழுச் சின்தெடிக் ஆயிலோடு வெளிவருகிறது. அந்தக் கவலையை விட்டுவிடலாம். கிரேடையும் தர எண்ணையும் மட்டும் மாற்றாதீர்கள்.

ஃபில்டர் மூடியை முதலில் தளர்த்தினால் ஹவுசிங்கில் இருக்கும் ஆயிலும் தொட்டிக்கு இறங்கும். பிறகு டிரெயின் போல்ட். ஓடும் ஆயிலின் நடுப்பகுதியில் 100 மில்லி பிடித்து, சுத்தமான குப்பியில் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரும்போது இரும்பு, செம்பு, சிலிக்கான் மூன்றும் உயர்ந்திருக்கும். எல்லா புது இன்ஜினிலும் அப்படித்தான். சிலிக்கான் என்றால் தூசி என்று பயப்பட வேண்டாம், மூட்டுகளில் தடவிய சீலன்ட்டிலிருந்தும் அது கரைந்து வரும். இந்த முதல் எண்களை வைத்து எந்த முடிவும் எடுக்காமல், அடுத்த மாற்றத்தோடு ஒப்பிடத் துவக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர்தான் இன்றைய முக்கியக் காட்சி. காகிதத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்து, மடிப்பு மடிப்பாக விரித்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தோம். மடிப்பின் அடியில் மீன் செதிலைப் பொடித்துத் தூவியதுபோல மின்னும் தூள். விரலால் தேய்த்தால் தட்டுப்படவில்லை, நிறம் மட்டும் ஒட்டுகிறது. அதோடு கறுப்புச் சீலன்ட்டின் இரண்டு இழைகள், அரிசியின் பாதி நீளம். இவை இரண்டும் இயல்பு. விரலுக்கு நெருடும் செதில், 1 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பிச்சுருள், செம்பு நிறத்தில் மினுங்கும் தகடு ஆகியவை இயல்பல்ல. செம்பு நிறம் பேரிங்கின் உள்ளடுக்கு வெளியே வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இரும்பு ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க அது உதவும். சந்தேகமிருந்தால் காகிதத்தைத் தூக்கி எறியாமல் வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். வாரன்டி பேச்சு வரும்போது அதைவிட நல்ல சாட்சி இல்லை.

புது ஓ-ரிங்கில் புது ஆயில் தடவி, மூடி 25 நியூட்டன் மீட்டர். டிரெயின் போல்ட்டும் இந்த இன்ஜினில் 25. அலுமினியம் தொட்டியில் கை பலத்தை நம்பி இறுக்கினால் மரை போய்விடும். 6 லிட்டர் ஊற்றி, ஓட்டி, அளந்து, பிறகு 400 மில்லி சேர்த்தோம்.

டிஃபரன்ஷியலில் முதலில் மேலே உள்ள நிரப்பும் போல்ட்டைத் திறக்க வேண்டும். அது கழலாமல் மாட்டிக்கொண்டால், கீழே வடித்துவிட்ட பிறகு வண்டியை நகர்த்தக்கூட முடியாது. மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இறங்கிய ஆயில், இன்ஜின் ஆயிலைவிட மோசமாக, அலுமினியப் பெயின்ட் கலந்ததுபோல் இருந்தது. போல்ட்டின் காந்தத்தில் சுண்டுவிரல் நுனியளவுக்குச் சாம்பல் நிறக் களிம்பு. துணியில் துடைத்து விரலிடுக்கில் நசுக்கினால் வெண்ணெய்போல் பரவுகிறது, மணலாக நெருடவில்லை. கிரவுன் வீலும் பினியனும் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்யும் பற்கள். அவற்றுக்கு ஃபில்டர் கிடையாது. உதிர்ந்ததெல்லாம் இந்த ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் டிஃபரன்ஷியல் ஆயிலைத்தான் நான் முதலில் மாற்றுவேன். இயந்திரத் தட்டு வகை லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டிகளில், புது ஆயில் ஊற்றியபின் காலியான திடலில் குறைந்த வேகத்தில் எட்டு வடிவத்தில் இருபுறமும் 8, 10 சுற்று வர வேண்டும். தட்டுகளுக்கு நடுவே புது ஆயிலும் உராய்வுச் சேர்மமும் பரவ அதுதான் வழி. கியர்பாக்ஸ் ஆயிலைக் கையேடு சொல்லாததால் தொடவில்லை.

சர்வீஸ் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் விட்டால் சில வண்டிகளில் லான்ச் கன்ட்ரோல் (நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தில் பாயும் வசதி) திறக்காது. சரிபார்த்தோம்.

இனி 200 கிலோமீட்டருக்கு 500 ஆர்பிஎம் வீதம் ஏற்றி, 2,700-க்குள் ரெட்லைனைத் தொடுவது திட்டம். முழு மிதி முதலில் 3, 4 விநாடி மட்டும், ஆயில் 90-க்கு மேல் இருக்கும்போது மட்டும். ரேஸ் டிராக்குக்கு 5,000 கி.மீ. வரை போகப்போவதில்லை. அடுத்த டிப்ஸ்டிக் குறிப்பு 2,500-ல்.